பிறர் காயத்தைச் சூடாதவர்

சென்ற செவ்வாய்க்கிழமை முற்பகல், தாலுகா அலுவலக வாசலில் பிறருக்கு மனு எழுதிக் கொடுக்கும் என் மேசையில், பட்டா மாறுதல் கோரும் மனு ஒன்றின் மூன்றாம் பத்தியில் நான் இருந்தபோது அந்தச் செய்தி வந்தது. அழைத்தவர் சவரிமுத்து ஐயாவின் மகன் பால்ராசு.

"அக்கா, அப்பா போயிட்டாருக்கா. தண்ணி பாய்ச்சப் போறேன்னு கெளம்புனவரு, கட்டில்ல உக்காந்து செருப்பு மாட்டுறப்பவே சாஞ்சிட்டாரு."

பேனாவைக் கீழே வைத்தேன். அவரே தொடர்ந்தார்.

"நாளைக்குப் பத்து மணிக்கு அடக்கம். சர்ச்சுப் பங்கு மடல்ல போடுறதுக்கு நீங்கதேன் எழுதணும். நல்லா வீரமா எழுதுங்கக்கா. பட்டாளத்துல இருந்த மனுசன். கழுதை கிழுதைன்னு எதையும் போட்டுறாதீங்க."

கைப்பேசியை வைத்துவிட்டு, அந்த மனுவை முடித்துக் கொடுத்த பிறகே எழுந்தேன். இதைக் கல்நெஞ்சம் என எவரும் எண்ண வேண்டாம். "ஏத்துன பாரத்தைப் பாதி வழியில எறக்கக் கூடாது" என்பது ஐயா அவர்களே அடிக்கடி சொன்ன சொல். அன்று எஞ்சியிருந்த அந்த வரிகள் என் கைக்கு மிகவும் கனமாக இருந்தன.

பால்ராசு கேட்டுக்கொண்ட கட்டுரை இதுவே. ஆயினும் அவர் முதலில் கேட்ட விதத்தில் இதை நான் எழுதவில்லை. இறந்தவர் பதினெட்டு ஆண்டுகளுக்கு முன்பே என்னிடம் வேறொரு வாக்கு வாங்கியிருந்தார்.

ஐயாவுக்கு வயது எழுபத்தேழு. எழுமலைக்குத் தெற்கே, மலையடிவாரத்தை ஒட்டிய எங்கள் ஊரில் பிறந்தார். அவருடைய பத்தொன்பதாம் வயதில் இரண்டாண்டுகள் தொடர்ந்து மழை பொய்த்தது. தகப்பனார் உழவு மாடுகளை விற்றார். மாடில்லாத வீட்டில் வாலிபப் பிள்ளைக்கு இனி என்ன வேலை என்று, மதுரையில் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் எனக் கேள்விப்பட்டுப் பேருந்து ஏறினார். மார்பை அளந்தார்கள், ஓடச் சொன்னார்கள். கடைசியில் அவரிடம் கேட்கப்பட்ட கேள்வியை அவர் வாயாலேயே பலமுறை கேட்டிருக்கிறேன்.

"மாடு ஓட்டத் தெரியுமான்னாக. அது ஒண்ணுதேன் தெரியும்னேன். ஏர் பிடிச்ச கைக்குத் துப்பாக்கி எதுக்குன்னு நெனச்சாகளோ என்னவோ, கயித்தைக் குடுத்துட்டாக."

அந்தக் கயிற்றின் மறுமுனையில் கோவேறு கழுதை நின்றது. வண்டி ஏற முடியாத வடக்கத்தி மலைகளில் உணவும் குண்டுப்பெட்டிகளும் கோவேறு கழுதைகளின் முதுகில்தான் மேலே போயின. இறங்கும்போது அவை வெறுமுதுகோடு வருவதில்லை. காயம்பட்டவர்களையும் உயிர் நீத்தவர்களையும் சுமந்து வரும். எழுபத்தொன்றாம் ஆண்டுப் போர் முழுவதும் ஐயா அவர்கள் அந்தப் பாதையில் ஏறி இறங்கினார்கள். ஒரு முறைகூட எவரையும் நோக்கிச் சுட்டதில்லை.

பதினைந்து ஆண்டுப் பணி முடித்து ஊர் திரும்பியவர், ரோசம்மாளை மணந்து, இரண்டு ஏக்கரில் மல்லிப்பூவும் நிலக்கடலையும் போட்டார். படையில் பழகிய ஒழுங்கு ஒன்று அவரைக் கடைசிவரை விடவில்லை. முதலில் மிருகத்துக்குத் தண்ணீர், பிறகு தீனி, அதன் பிறகே மனிதனுக்குச் சோறு. இதைப் பற்றி ரோசம்மாள் அம்மா என்னிடம் முறையிட்டதுண்டு.

"என்னையக் கட்டுனாரா, மாட்டைக் கட்டுனாரான்னு வெளங்கல தாயி. வீட்டுக்குள்ள நொழஞ்சா மொதக் கேள்வி 'மாடு குடிச்சிச்சா?' நான் குடிச்சனான்னு இன்ன வரைக்கும் கேட்டதில்ல."

ஐயா அருகிலேயே நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"நீ கேக்காமயே குடிச்சிருவ. அதுக்கு வாய் இல்லைல்ல. ஒனக்குத்தேன் ரெண்டு வாய் இருக்கே."

"பாத்தியாத்தா, பாத்தியா!"

பால்ராசு எட்டாம் வகுப்பில் படித்த ஆண்டு, பள்ளிக்கூடத்தில் சுதந்திர தின விழாவுக்குக் கொடியேற்ற ஐயாவை அழைத்தார்கள். சலவைச் சட்டையோடு போனார். கொடியேற்றியபின் ஒரு சிறுமி எழுந்து, "எத்தன பேரைச் சுட்டீங்க தாத்தா?" என்று கேட்டாள். "ஒருத்தரையும் சுடலத்தா. நான் கழுதை ஓட்டுனேன்" என்றார். திடல் முழுவதும் சிரித்தது. அன்று முதல் ஊரில் அவருக்குக் 'கழுதை மிலிட்டரி' என்று பெயர். அவர் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்ப்பார். சில நேரம் கையையும் உயர்த்துவார். பால்ராசு அன்று இரவு சோறு உண்ணவில்லை என்று பிற்பாடு அறிந்தேன். செவ்வாய்க்கிழமை கைப்பேசியில் நான் கேட்ட குரல் நாற்பது வயது மனிதருடையது. அந்தக் குரலுக்குள் அந்தப் பட்டினி இன்னும் இருந்தது.

இனி என் பிழையைச் சொல்ல வேண்டும்.

எனக்குப் பள்ளி வாய்த்தது ஐந்தாம் வகுப்பு வரையே. அதன்பின் கற்றவை அனைத்தும் கடைகளில் பொட்டலம் கட்டிய தாள்களிலும், அலுவலகங்களில் கழித்துப் போட்ட கோப்புகளிலும் நானே தேடிக் கற்றவை. என் மனுக்களைப் படித்த அலுவலர்கள், இதை எழுதியவர் எந்தக் கல்லூரியில் பயின்றவர் என்று வினவியதுண்டு. இதை நான் பெருமையோடுதான் சொல்கிறேன். அந்தப் பெருமைதான் ஐயாவின் மல்லித் தோட்டத்தைக் காயப் போட்டது.

பதினெட்டு ஆண்டுகளுக்கு முன்பு அவருடைய கிணற்றில் தண்ணீர் இருந்தது. இறைக்க மின் இணைப்பு இல்லை. பழைய டீசல் எஞ்சின் பாதி நாள் படுத்துக்கொள்ளும். முன்னாள் படையினருக்கு முன்னுரிமை கிடைக்கலாம் என்று யாரோ சொல்ல, என் மேசைக்கு வந்தார். ஊர், சர்வே எண், பணியாற்றிய ஆண்டுகள், கிணற்றின் ஆழம் என நான்கு செய்திகள் சொன்னார். மிகவும் மெலிந்த மனுவாக எனக்குத் தோன்றியது. அவருடைய இடது காலைப் பார்த்தேன். சுண்டுவிரலும் அதற்கு அடுத்த விரலும் இல்லை.

"கால்ல என்னங்கய்யா?"

"பட்டாளத்துல போச்சு."

எனக்கு அது போதுமானதாக இருந்தது. 'பகைவரின் குண்டுகளைத் தம் மார்பில் ஏந்தி, இடது காலைத் தாய்நாட்டுக்குக் காணிக்கையாக்கிய இம்மாவீரர்' என்று தொடங்கினேன். ஒன்றேகால் பக்கம் எழுதினேன். கையொப்பம் வாங்கும் முன் மனுவை உரக்கப் படித்துக் காட்டுவது எங்கள் தொழிலில் வழக்கம். அன்று கூட்டம் அதிகமென்று படித்துக் காட்டவில்லை. அவரும் கண்ணாடி கொண்டு வரவில்லை. என்னை நம்பிக் கையொப்பமிட்டார்.

அடுத்த திங்கட்கிழமை மதுரையில் குறைதீர் நாள். வேறு சிலருடைய மனுக்களோடு நானும் சென்றிருந்தேன். மனுவைப் படித்த அதிகாரி நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

"மொதல்ல நீங்க உக்காருங்க ஐயா. நீங்க நின்னா எங்களுக்குத்தான் மரியாதை இல்ல. குண்டு எந்தப் பக்கம் பட்டுச்சு?"

"என்ன குண்டுங்கய்யா?"

"மார்புல பட்டது."

ஐயா திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. வழி தவறிய மாட்டைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"எனக்குக் குண்டு எதுவும் படலைங்கய்யா. கழுதை மிதிச்சிருச்சு."

பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை.

"மனுவுல அப்படி இல்லீங்களே?"

"அப்படின்னா அது எம் மனு இல்லைங்கய்யா. குடுங்க, சரி பண்ணிக் கொண்டாரேன்."

காகிதத்தை வாங்கி நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நடந்தார். அந்தக் கூடத்தின் தரையில் அவருடைய வலது செருப்பின் ஓசையும் இடது செருப்பின் ஓசையும் வேறு வேறாகக் கேட்டன.

பேருந்தில் செக்கானூரணி வரை அவர் வெளியே பார்த்தபடி வந்தார். நான் மன்னிப்புக் கேட்கச் சொற்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். அவரே பேசத் தொடங்கினார்.

"ஒரு பையனை எறக்கிக் கொண்டாரச் சொன்னாக. என் வயசுதேன் இருக்கும். நெஞ்சுல வாங்கியிருந்தான். பேரு தெரியாது; எந்த ஊருன்னும் தெரியாது. கழுதை மேல குறுக்க வச்சுக் கட்டணும். ரெண்டு பக்கமும் பாரம் ஒண்ணா இருக்கணும், அதுதேன் எங்க வேலையில மொதப் பாடம். அப்படிக் கட்டுனா அவன் தலை கீழ தொங்குது. எனக்கு மனசு கேக்கல. தலைப்பக்கத்தைத் தூக்கிக் கட்டிப்புட்டேன். காலுப்பக்கம் தாழ்ந்து போச்சு. அவன் பூட்ஸு ரெண்டும் வழி பூராம் என் தோள்ல இடிச்சுக்கிட்டே வந்துச்சு."

பேருந்து நின்று, ஆட்களை ஏற்றி, மீண்டும் புறப்பட்டது.

"பாரம் ஒரு பக்கமாச் சாஞ்சா கழுதை தடுமாறும். தெரிஞ்சேதேன் கட்டுனேன். ஒரு எறக்கத்துல அது தடுமாறி என் கால் மேல ஏறிருச்சு. அம்புட்டுத்தேன். கழுதை மேலயும் தப்பில்ல, எதிரி மேலயும் தப்பில்ல. கட்டுனது நானு."

"கயித்தை விட்டுட்டு விலகியிருக்கலாமேய்யா?"

"காலு மாட்டிக்கிருச்சுல்ல, எங்கிட்டு வெலகுறது?" என்று சிரித்தார். பிறகு சட்டைப் பையைத் தொட்டுக்கொண்டு சொன்னார்: "நெஞ்சுல குண்டு வாங்குனவனை நாந்தேன் என் கையால கட்டி எறக்குனேன். அவன் காயத்தை நான் எடுத்துப் போட்டுக்கிறலாமாத்தா? அவனுக்குன்னு இருந்தது அது ஒண்ணுதேன்."

உசிலம்பட்டியில் இறங்கும்போதுதான் அந்த வாக்கை வாங்கினார். "நான் செத்தாலும் இந்தக் காலைப் பத்தி வேற மாதிரி எழுதிறாத. ஒனக்கு எழுத நல்லா வருது, அதான் பயமா இருக்கு."

திருத்திய மனு மறு வாரமே சென்றது. ஆயினும் அது பொது வரிசையில் விழுந்து, இணைப்பு வர இரண்டாண்டுகள் ஆயின. இடைப்பட்ட கோடையில் எஞ்சின் அடியோடு நின்றது. கிணற்றில் தண்ணீரை வைத்துக்கொண்டே மல்லிச் செடிகள் கருகின. ரோசம்மாள் அம்மா வாளியில் இறைத்து இடுப்பில் குடம் சுமந்து ஊற்றியும், பாதித் தோட்டம் போயிற்று. அவரைப் பார்க்கச் சென்றபோது கருகிய செடிகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

"ஆமாங்கய்யான்னு ஒத்தச் சொல்லு. அதைச் சொல்லியிருந்தா என் செடி நின்னுருக்கும். ஊரு ஒலகத்துல எவன் பொய் சொல்லல? இந்தாளு கழுதையோட திரிஞ்சு கழுதையாவே போயிட்டாரு. நீயாவது எழுதுறதுக்கு முன்னாடி கேட்டிருக்கலாமுல்ல? ஒன் தமிழ வச்சு நான் எந்தச் செடிக்குத் தண்ணி ஊத்த?"

நானும் குனிந்து கருகிய செடிகளைப் பிடுங்கத் தொடங்கினேன். 

அதன்பின் ஐயா என் மேசைக்கு வர மாட்டார் என்றே எண்ணினேன். வேறு இடத்தில் எழுதிக்கொள்ளும்படி பலரும் அவரிடம் சொன்னார்கள். ஆனால் வாய்க்கால் தூர்வாரக் கோரும் ஊர் மனுவோடு மீண்டும் என் முன்னால்தான் வந்து நின்றார். "ஒரு தரம் தடுமாறுன கழுதை அந்த எடத்துல மறுபடி தடுமாறாதுத்தா. புதுசுதேன் தடுமாறும்" என்றார். ஊர் மனுக்கள் அனைத்தையும் அவரே எடுத்து வருவார். படித்துக் காட்டச் சொல்லிக் கண்ணை மூடிக் கேட்பார். எங்கேனும் நான் மிகைப்படுத்தியிருந்தால், "இந்தப் பக்கம் பாரம் கூடிப்போச்சு" என்பார். வலிக்கும். ஆனாலும் அந்த வரியை அடித்துவிடுவேன். அன்றிலிருந்து எவருடைய மனுவையும் உரக்கப் படித்துக் காட்டாமல் நான் கையொப்பம் வாங்கியதில்லை.

ஆண்டுதோறும் கல்லறைத் திருநாளன்று அவர் குடும்பத்தார் கல்லறைகள் ஐந்துக்கும் சுண்ணாம்பு அடித்து, மல்லிப்பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றுவார். பிறகு ஆறாவதாக ஒன்றை, கல்லறைத் தோட்டத்து மேற்குச் சுவரோரம் வெறுந்தரையில் நட்டு ஏற்றுவார்.

"என்ன மிலிட்டரி, உங்க வீட்டுல அஞ்சு கல்லறைதேன? ஆறு ஏத்துறீக?" என்று கேலி செய்வார்கள்.

"ஒண்ணு விருந்தாளிக்கு" என்பார்.

அந்த விருந்தாளி யாரென்று, பேருந்தில் கேட்ட நாளிலிருந்து நான் அறிவேன். வேறு எவருக்கும் அவர் சொன்னதாகத் தெரியவில்லை.

புதன்கிழமை காலை நான் சென்றபோது, வீட்டு வாசலில் பெரிய ப்ளெக்ஸ் கட்டியிருந்தார்கள். ஐயாவின் முகத்துக்குப் பின்னால் ஒரு டாங்கி. அதற்கு மேலே இரண்டு போர் விமானங்கள். கீழே 'குண்டுக்கு அஞ்சாத போர்முனைச் சிங்கம்'.  பதினெட்டு ஆண்டுகளுக்கு முன்பு நான் எழுதியதன் பிள்ளையைப் போல இருந்தது அது.

பெட்டியில் ஐயாவுக்கு வெள்ளை வேட்டி கட்டி, இரு கால்களுக்கும் புதுக் காலுறை மாட்டியிருந்தார்கள். இடது உறையின் முனையில் விரல்கள் இருப்பது போலத் தெரியப் பஞ்சு வைத்திருந்தார்கள். வாழ்நாளெல்லாம் செருப்போடு நடந்த மனிதர் அவர்.

பால்ராசு என்னிடம் வந்து, "எழுதிட்டீங்களாக்கா?" என்றார்.

 அவரைச் சற்றுத் தள்ளி அழைத்துச் சென்று, பேருந்தில் கேட்டதைக் கேட்டபடியே சொன்னேன். என் சொல் ஒன்றையும் சேர்க்கவில்லை. தலைப்பக்கத்தைத் தூக்கிக் கட்டியதைச் சொன்னேன். தோளில் இடித்த பூட்ஸைச் சொன்னேன். நான் வாக்குக் கொடுத்ததையும் சொன்னேன். அவர் பெட்டியைத் திரும்பிப் பார்த்தார்.

"எங்கிட்ட ஒரு நாளும் சொல்லலையேக்கா."

பெட்டியின் தலைமாட்டில் அமர்ந்திருந்த ரோசம்மாள் அம்மா அதைக் கேட்டுவிட்டார். அழுது அழுது குரல் கம்மியிருந்தது.

"நீ கேக்கலடா. கழுதைன்னு சொன்னதும் எந்திரிச்சுப் போயிருவ. எங்கிட்டவும் சொல்லல, நானும் கேக்கல. செடி போன கோவத்துல இருந்தேன்." பிறகு வாசல் பக்கம் திரும்பி, "அந்த டாங்கியக் கழட்டுங்கடா. மேல போய்ப் பாக்குறப்ப 'இதை யாரு வைக்கச் சொன்னது'ன்னு எங்கிட்டத்தேன் கேப்பாரு" என்றார்.

 பால்ராசுதான் முதலில் நகர்ந்தார். ப்ளெக்ஸை நோக்கிப் போகாமல் பெட்டியை நோக்கிப் போனார். குனிந்து, இடது காலின் உறையை மெல்ல உருவினார். பஞ்சு கீழே விழுந்தது. மூன்று விரல்களும் ஒரு பழைய தழும்பும் ஊரார் பார்க்கத் திறந்திருந்தன. அவர் தம் கையை அந்த இடத்தில் சற்று நேரம் வைத்திருந்தார்.

ப்ளெக்ஸ் அவிழ்க்கப்பட்டுப் பந்தலில் குப்புற விரிக்கப்பட்டது. வெயிலில் வெகுதூரம் நடந்து வந்தவர்கள் அதன் வெள்ளைப் பக்கத்தில் அமர்ந்து தண்ணீர் குடித்தார்கள். அதற்கு முன்பே, தொழுவத்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டியாயிற்றா என்று ரோசம்மாள் அம்மா கேட்டுவிட்டார்.

கல்லறைத் தோட்டத்தில் பங்குத்தந்தை செபம் சொல்ல, பெட்டி மூடப்பட்டு, மண் தள்ளப்பட்டது. மெழுகுவர்த்திகளை ஏற்றிவிட்டு மக்கள் கலைந்தார்கள். பால்ராசு என்னருகே வந்தார்.

"அப்படியே எழுதுங்கக்கா. கழுதையவும் போடுங்க."

எழுதியாயிற்று. வழக்கம் போல உரக்கப் படித்துக் காட்டியும் ஆயிற்று. கேட்டவர்கள் ரோசம்மாள் அம்மாவும் பால்ராசும். எந்தப் பக்கமும் பாரம் கூடவில்லை என்றார்கள். என் கண்கள் தளர்ந்துவிட்டன, கையும் தளர்ந்துவிட்டது. இனி எத்தனை மனுக்கள் எழுதுவேனோ அறியேன். கண்ணை மூடிக் கேட்க எதிரே அவர் இருக்க மாட்டார் என்பது மட்டும் தெரியும்.

அடக்கத்தன்று நான் வாயிலுக்கு வந்து திரும்பிப் பார்த்தபோது, கல்லறைத் தோட்டத்தில் பால்ராசு ஒருவரே நின்றிருந்தார். தந்தையின் மண்மேட்டில் எரிந்துகொண்டிருந்தவற்றுள் ஒன்றை எடுத்துக்கொண்டு, காற்றுக்குக் கையால் மறைத்தபடி, மேற்குச் சுவரை நோக்கி நடந்தார். அங்கே வெறுந்தரையில் குனிந்து அதை நட்டார்.

ஐயா, விருந்தாளிக்கு விளக்கு வைத்தாயிற்று. கயிற்றை விட்டுவிட்டு, இனி நீங்கள் இளைப்பாறுங்கள்.